அலைந்தவர்க்கு ஊர் எது?

அறுவடையின் முதற்பலனைக் கூடையில் ஏந்தி ஆண்டவரின் திருமுன் வரும் இஸ்ரயேலன் எதை அறிக்கையிட வேண்டும் என்பதை இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரம் வரையறுக்கிறது. தன் நிலத்தின் வளத்தையோ தன் குலத்தின் பெருமையையோ அவன் முதலில் சொல்வதில்லை. தன் மூதாதை நிலையான ஊரின்றி அலைந்த ஓர் அரமேயன் என்றும், சிலரோடு எகிப்துக்குச் சென்று அங்கே அந்நியனாய்த் தங்கியவன் என்றும் சொல்லித் தொடங்குகிறான். சொந்த நிலம் கிடைத்த பிறகும், களஞ்சியம் நிறைந்த பிறகும், ஊரற்றிருந்த நாள்களை அவன் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். இடம்பெயர்ந்த வரலாறு மறைக்கத்தக்க இழிவன்று, வழிபாட்டில் அறிக்கையிடத்தக்க உண்மை என்பதே இதன் பொருள்.

நம்மிடையே நிலைமை வேறு. கணியன் பூங்குன்றனாரின் அடியை மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த நெருக்கடியில் பெயர்ந்தார்கள் என்று கேட்டால் பலருக்கு விடை தெரியாது. தெரிந்தவர்களும் சொல்லத் தயங்குவார்கள். பஞ்சத்தில் போனவர்கள், கூலிக்குப் போனவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்னும் சொற்கள் குடும்பப் பெருமைக்கு ஒவ்வாதவையாக நமக்குத் தோன்றுகின்றன.

இப்பொருளை எழுதத் தூண்டியவர் எம் பங்கைச் சேர்ந்த ஒரு மாணவி. பல்கலைக்கழகமொன்றில் மானிடவியல் முதுகலை பயிலும் அவர், புலம்பெயர்வு பற்றிய தாளை விருப்பப் பாடமாக எடுத்திருந்தார். நூலகத்திற்குச் செல்லுமுன் சொந்த வீட்டில் மூன்று தலைமுறைகளின் இடப்பெயர்வைக் கேட்டு எழுதி வருமாறு பேராசிரியர் முதற்பணி கொடுத்தாராம். தம் வீட்டில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்றே அம்மாணவி எண்ணியிருக்கிறார். அவருடைய அப்பாயி இலங்கையிலிருந்து வந்தவர் என்பது வீட்டாருக்குத் தெரியும். ஆனால் அங்கே குளிர் அதிகம் என்பதற்கு மேல் அந்த மூதாட்டி எதுவும் சொன்னதில்லை. பேத்தி குறிப்பேட்டுடன் எதிரே அமர்ந்து முறையாகக் கேட்கத் தொடங்கிய பிறகே வாய் திறந்திருக்கிறார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்ததும், 1973ஆம் ஆண்டு பத்தொன்பது வயதில் பெற்றோருடன் கப்பலேறியதும், மணமாகி அங்கேயே தங்கிவிட்ட அக்காவை அதன்பின் ஒருமுறைகூடக் காணாததும் அப்போதுதான் வெளிவந்தன. அப்பாயியின் திருமுழுக்குப் பதிவைத் தேடித்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே மாணவி பங்கு இல்லத்திற்கு வந்தார். அவர் வகுப்பில் கற்றவற்றையும், அவை நம் வரலாற்றின்மீது வீசும் ஒளியையும் இக்கட்டுரையில் எண்ணிப் பார்ப்போம்.

வகுப்பறை கற்பித்தவை

புலம்பெயர்வு பற்றிய ஆய்வுகளின் தொடக்கமாக 1885இல் ராவன்ஸ்டைன் என்னும் அறிஞர் வெளியிட்ட கட்டுரையைக் குறிப்பிடுவர். பெரும்பாலோர் நெடுந்தொலைவு செல்வதில்லை, ஒவ்வொரு பெயர்வோட்டத்திற்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்பன போன்ற விதிகளைப் பிரித்தானிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து அவர் வகுத்தார். பின்வந்தோர் இதனைத் தள்ளுவிசை என்றும் இழுவிசை என்றும் விளக்கினர். வறுமையும் பஞ்சமும் தள்ளுகின்றன, கூலியும் வேலையும் இழுக்கின்றன என்பது அவ்விளக்கம். எளிமையானது, தவறானதுமன்று. ஆயினும் மனிதனை இரு காந்தங்களுக்கிடையே கிடக்கும் இரும்புத்தூளைப்போல் அது காட்டிவிடுகிறது.

மனிதரின் குரலையே சான்றாகக் கொண்ட பெருநூல் 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. தாமஸ், ஸ்நானியெட்ஸ்கி என்னும் இருவர் அமெரிக்காவில் குடியேறிய போலந்து நாட்டு உழவர்களின் கடிதங்களைத் திரட்டி எழுதியது அது. அந்த உழவர்கள் கத்தோலிக்கர்கள். அமெரிக்க நகரங்களில் அவர்கள் எழுப்பிய பங்குக் கோவில், திருப்பலிக்குரிய இடமாக மட்டுமன்றி, பள்ளியும் சங்கமும் உதவிநிதியும் சேர்ந்த ஒரு புதிய ஊராகவே விளங்கிற்று என்று அந்நூல் காட்டுகிறது. ஊரை விட்டுவந்தவர்கள் கோவிலைச் சுற்றி ஊரை மீண்டும் கட்டிக்கொண்டார்கள்.

மற்றொரு கருத்து விக்டர் டர்னருடையது. இன்றைய சாம்பியா நாட்டில் வாழும் நிடெம்பு மக்களிடையே கள ஆய்வு செய்தவர், பின்னர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தவர் அவர். வாழ்வின் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மனிதரைக் கடத்தும் சடங்குகளில் பிரிதல், இடைநிலை, மீண்டும் இணைதல் என மூன்று கட்டங்கள் உள்ளன என்று வான் ஜெனப் 1909இல் எழுதியிருந்தார். டர்னர் அவற்றுள் நடுக்கட்டத்தை ஆழ்ந்து நோக்கினார். வீட்டின் உள்ளும் இன்றிப் புறமும் இன்றி நிலைப்படியில் நிற்பவனின் நிலை அது. பழைய பெயர் நீங்கிவிட்டது, புதிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை. சடங்கில் இந்நிலை சில நாள்களில் முடிந்துவிடும். ஏதிலியர் முகாம்களை ஆய்ந்த பிற்கால மானிடவியலர் ஒரு கேள்வி எழுப்பினர்: மூன்றாம் கட்டம் வராமலே போனால் என்னாகும்? நிலைப்படியிலேயே தலைமுறைகள் பிறந்து இறந்தால் என்னாகும்? அப்பாயியின் மக்களுடைய வரலாறு இக்கேள்விக்கு விடை சொல்கிறது.

கங்காணி காட்டிய வழி

இலங்கையின் மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைத் தொடங்கியது 1820களில். தோட்ட வேலைக்குத் தென்தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் காவிரிப் பகுதியிலிருந்தும் ஆள்கள் சென்றனர். காப்பி பருவப்பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் ஆண்கள் சென்று, வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து வன்னிக் காட்டின் வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தே சென்றனர். காலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் இறந்தோர் மிகப்பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை.

1869இல் காப்பி இலைகளில் ஒரு பூஞ்சை நோய் தோன்றியது. இருபதாண்டுகளுக்குள் காப்பித்தொழில் அழிந்தது, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஒரு செடிக்குப் பதில் மற்றொரு செடி வந்த இம்மாற்றம் மக்கள் வாழ்வையே மாற்றிற்று. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆண்கள் வந்துபோவது போதாது, பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பம் குடும்பமாய்த் தங்க வேண்டும். வருவோரும் போவோருமாய் இருந்தவர்கள் லயங்களில் வாழும் நிலையான குடிகளானது இவ்வாறே. ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாய் அமைந்த அந்த லயங்களில் அதன்பின் பல தலைமுறைகள் பிறந்தன.

ஆள் சேர்த்தவன் கங்காணி. தன் ஊராரையும் உறவினரையும் சாதியினரையும் முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்றான். ஆகவே தனிமனிதர் பெயரவில்லை, ஊரின் ஒரு துண்டே உறவும் கடனும் வேற்றுமையுமாகப் பெயர்ந்தது. முன்பணம் கடனாக நின்றது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பினால், கடன் தொகை குறித்த ஒரு சீட்டுத் தேவைப்பட்டது. துண்டு என்று அதற்குப் பெயர். அந்தத் தொகையைத் தர முன்வருபவர் இன்றித் தொழிலாளி அசைய முடியாது. இம்முறை 1921இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது. புறப்பாட்டை ஒழுங்குபடுத்த 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையம் அமைந்தது. மண்டபத்தில் எழுந்த முகாமில் மக்கள் சில நாள்கள் தனித்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, பின்னரே கடல் கடந்தனர். தள்ளுவிசை, இழுவிசை என்னும் இரு சொற்களுக்கு நடுவே கங்காணியும் கடனும் துண்டும் முகாமும் இருந்ததை வரலாறு இவ்வாறு காட்டுகிறது.

நாடற்றவர் ஆனது எவ்வாறு?

1939 ஆகஸ்டு முதல் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. அதன்பின் மலைநாட்டில் வாழ்ந்தோருள் பெரும்பாலோர் அங்கேயே வேரூன்றியவர்கள். ஆயினும் இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்த ஏழைக்கு அத்தகைய சான்று எங்கே கிடைக்கும்? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1949இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. ஏற்கப்பட்டோர் ஒன்றரை இலட்சத்திற்கும் குறைவு.

1964 அக்டோபர் 30 அன்று பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் உறுதி செய்துகொண்டனர். 1974இல் அந்த எஞ்சியோரும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். எண்ணிக்கை பேசப்பட்டது. எண்ணப்பட்டவர்களின் விருப்பம் பேச்சுவார்த்தையில் இடம்பெறவில்லை. தங்கைக்கு இந்தியா, அக்காவுக்கு இலங்கை என்று ஒரே அடுப்பில் உண்டவர்கள் பிரிக்கப்பட்டனர். மலைநாட்டு நிலையங்களிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு அம்மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. வண்டி புறப்படும்போது எழுந்த ஓலம் சாவு வீட்டின் ஓலத்தை ஒத்திருந்தது என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

தலைமன்னாருக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே ஓடிய கப்பல் போரின் காரணமாக 1984இல் நின்றது. அதற்குள், இடையில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்திருந்தனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தீர்வை எட்டியது. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்! டர்னர் சொன்ன நிலைப்படியில் ஒரு மக்களினம் அரை நூற்றாண்டுக்கு மேல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

தாயகம் திரும்பியோர்

அரசு அவர்களுக்குச் சூட்டிய பெயர் தாயகம் திரும்பியோர். அப்பாயியின் வாக்குமூலத்தை எழுதியபோது இத்தொடரே அம்மாணவியைத் தடுத்து நிறுத்தியதாம். தாம் ஒருபோதும் பார்த்திராத மண்ணுக்கு ஒருவர் எவ்வாறு திரும்ப முடியும்? அப்பாயியின் பாட்டனார் பிறந்த ஊர் எதுவென்று குடும்பத்தில் எவருக்கும் தெரியவில்லை. திரும்பியவர்களுக்கு நிலமும் இல்லை, காத்திருந்த உறவும் இல்லை. நீலகிரியில் அவர்களுக்கென அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. டேன்டீ என்று நாம் அறியும் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததே. நூற்பாலைகளுக்குச் சென்றோர் உண்டு. தொழில் தொடங்கக் கடன் பெற்று, தொழில் தெரியாமல் இழந்தோரும் உண்டு. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கொத்தடிமைகளாய்ச் சிக்கியோரும் உண்டு.

இலங்கையில் கள்ளத்தோணி என்றும் தோட்டக்காட்டான் என்றும் இகழப்பட்டவர்கள், இங்கே சிலோன்காரர் ஆனார்கள். கடலின் இரு கரைகளிலும் அவர்களை மற்ற கரைக்குரியவர்கள் என்றே சொன்னார்கள். குளிரைத் தவிர வேறெதையும் அப்பாயி வீட்டில் பேசாததன் காரணம் இதுவேயன்றி மறதியன்று.

இதே காலத்தில் இலங்கையில் அம்மக்களோடு நின்றவர்களையும் நினைவுகூர வேண்டும். இயேசு சபை அருள்பணியாளர் பால் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய என்னும் மையத்தைத் தொடங்கி, தோட்டத் தமிழரும் சிங்களக் கிராமத்தவரும் ஒருவரையொருவர் அறிந்து வாழப் பல ஆண்டுகள் உழைத்தார். அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், 1687இல், கூலியாளின் கோலத்தில் இலங்கைக் கரையேறிய கோவா நாட்டுக் குரு ஒருவர் உண்டு. மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைத் தேடிச் சென்ற அவரே, 2015இல் கொழும்பு நகரில் திருத்தந்தை பிரான்சிசு அவர்களால் புனிதராக உயர்த்தப்பெற்ற யோசேப்பு வாஸ். இலங்கைத் திருச்சபையை மீண்டும் எழுப்பியவர், ஆவணங்களின் மொழியில் சொன்னால், அனுமதியின்றி நுழைந்த ஓர் அந்நியர்.

திருச்சபைச் சட்டத்தின் நான்கு சொற்கள்

அப்பாயியின் திருமுழுக்குப் பதிவைத் தேடும் முயற்சியில் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்ட நேர்ந்தது. அதன் 100ஆம் பிரிவு, வாழும் இடத்தைப் பொறுத்து மனிதரை நான்கு சொற்களால் குறிக்கிறது: நிலையான உறைவிடம் உள்ளவர், தற்காலிக உறைவிடம் உள்ளவர், உறைவிடம் வேறிடத்திலிருக்க வெளியே சென்றிருப்பவர், எங்கும் உறைவிடமே இல்லாத அலைந்து திரிபவர். குருமடத்தில் இப்பிரிவை மனப்பாடம் செய்தபோது வறண்ட இலக்கணம்போல் தோன்றியது. அம்மாணவியின் குறிப்பேட்டை அருகில் வைத்துப் படித்தபோது வேறாய்த் தோன்றிற்று.

102ஆம் பிரிவின்படி, ஒரு பங்கில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியேறுபவர் அன்றே அவ்விடத்தின் உறைவிடத்தார் ஆகிறார். எண்ணம் எதுவாயினும், ஐந்தாண்டுகள் முழுமையாகத் தங்கிவிட்டால் உறைவிடம் தானே அமைகிறது. தற்காலிக உறைவிடத்திற்கு மூன்று மாதங்கள் போதும். தந்தை பிறந்த இடத்திற்குச் சான்று கேட்கப்படுவதில்லை, பாட்டன் பெயர் கேட்கப்படுவதில்லை. அவ்வாறாயின் எங்கும் உறைவிடம் இல்லாதவருக்கு யார் பங்குத்தந்தை? அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ அவ்விடத்துப் பங்குத்தந்தையே அவருக்குரியவர் என்று 107ஆம் பிரிவு விடையளிக்கிறது. அதாவது, நாடற்றவர் என்று ஒருவரை அரசு ஆக்கலாம். பங்கற்றவர் என்று ஒருவரைத் திருச்சபை ஆக்க இயலாது. பங்குத்தந்தை தாமே தேடிச் செல்ல வேண்டியவர்களின் வரிசையில், ஏழையர், துன்புறுவோர், தனித்திருப்போர் ஆகியோருடன் நாடு இழந்தோரையும் 529ஆம் பிரிவு பெயர் சொல்லிச் சேர்க்கிறது.

இதற்கு ஆழமான இறையியல் அடித்தளம் உண்டு. 1952இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட புலம்பெயர்ந்தோர் பற்றிய ஆவணம், எகிப்துக்கு ஓடிய நாசரேத்துத் திருக்குடும்பத்தை எல்லா ஏதிலியர் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக நிறுத்தியது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மை அந்நியரோடு ஒன்றாக்கிக்கொள்கிறார். அந்நியரை ஏற்பது ஒரு நற்செயல் என்பதோடு நின்றுவிடாமல், இறுதித் தீர்ப்பில் கேட்கப்படும் வினாவாகவும் அது அங்கே அமைகிறது.

மலைநாட்டின் தோட்டங்களில் பிறப்புக்குச் சான்று இல்லாத குழந்தைக்கும் திருமுழுக்கு ஏட்டில் ஒரு வரி கிடைத்தது. பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள், குருவின் கையொப்பம். அரசின் கண்ணில் ஆளற்றவர் அவ்வேட்டில் ஆளாய் இருந்தார். எழுதி அனுப்பிய சில மாதங்களில் அப்பாயியின் பதிவும் நகலாய் வந்து சேர்ந்தது. அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாராம் அப்பாயி. ஞானத்தாயின் பெயர் வந்த இடத்தில் அழுதாராம். அம்மாணவி தம் ஆய்வுத்தாளில் இக்காட்சியைச் சேர்க்கவில்லை. மதிப்பெண்ணுக்கு எழுதத்தக்கதன்று என்று அவர் கருதியது சரியே.

நம் வாயிலில் நிற்போர்

வரலாறு கற்பதன் பயன் கடந்த காலத்திற்கு இரங்குவதோடு முடிந்துவிடுமாயின் அது வீண். இன்று திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும், சென்னையின் கட்டடங்களிலும், நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும் வேலை செய்வோர் ஒடிசா, சார்க்கண்டு, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அன்று கங்காணி, இன்று ஒப்பந்தக்காரர். அன்று லயம், இன்று ஒரே அறையில் பலர் முறைவைத்து உறங்கும் தங்குமிடம். அன்று முன்பணம், இன்றும் முன்பணம். தோட்டக்காட்டான் என்ற சொல்லால் புண்பட்ட இனத்தின் நாவில் இன்று வடக்கன் என்ற சொல் எளிதாய்ப் புரளுகிறது.

அவர்களுள் நம் மறையினர் பலர் உள்ளனர். சார்க்கண்டு, ஒடிசா பகுதிகளின் ஆதிவாசிக் கத்தோலிக்கர் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, மொழி புரியாமல் சிலுவை அடையாளம் வரைந்து, நற்கருணை பெற்று, எவரிடமும் பேசாமல் வெளியேறுவதை நம் பங்குகளில் காணலாம். மூன்று மாதங்கள் தங்கியவர் எவரும் சட்டப்படி நம் பங்கைச் சேர்ந்தவர். அன்பியக் கூட்டத்திற்கு அவரை அழைத்தோமா? பங்குக் குடும்பப் பட்டியலில் அவர் பெயர் உண்டா? அவருடைய குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டு வந்தால், சொந்த ஊர்ச் சான்று கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோமா, அல்லது அவருக்காக நாமே அவ்வூர்ப் பங்கிற்கு எழுதுகிறோமா?

செய்யத்தக்கவை அரியன அல்ல. ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோவில் வாயிலில் பெயரும் ஊரும் கேட்டறிய இருவரை நியமிக்கலாம். மாதம் ஒருமுறை இந்தியிலோ சாத்ரியிலோ ஒரு வாசகமும் ஒரு பாடலும் சேர்க்கலாம். நோயுற்றாலோ கூலி மறுக்கப்பட்டாலோ மருத்துவமனைக்கும் தொழிலாளர் அலுவலகத்திற்கும் உடன்செல்ல வின்சென்ட் தே பவுல் சபையார் முன்வரலாம். போலந்து உழவர்கள் அமெரிக்காவில் தாமே கட்டிக்கொண்ட ஊரை, இவர்களுக்கு நாம் கட்டிக்கொடுக்க இயலும்.

தமிழகத்தின் முகாம்களில் பல ஆண்டுகளாகக் குடியுரிமைக்குக் காத்திருக்கும் இலங்கைத் தமிழரையும் மறக்கலாகாது. மலைநாட்டிலிருந்து வன்னிக்குப் பெயர்ந்து, அங்கிருந்து போருக்கு அஞ்சி இங்கு வந்தவர்கள் அவர்களுள் உள்ளனர். முகாம்களின் பெயரை 2021இல் மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியது. பெயர் மாறியது நன்று. நிலைப்படியைக் கடத்தி வீட்டிற்குள் அழைக்கும் மூன்றாம் கட்டம் இன்னும் வரவில்லை.

2023இல், மலைநாட்டுக்கு முதல் தொழிலாளர் சென்று இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்களின் வழித்தோன்றல்கள் நடந்தார்கள். எந்தப் பாதை இழிவின் பாதையாய் மறைக்கப்பட்டதோ, அதையே நினைவின் பாதையாய் அறிக்கையிட்டார்கள். அன்புள்ள வாசகர்களே, உங்கள் இல்லத்து மூத்தவர்களிடம் அவர்கள் வந்த வழியைக் கேளுங்கள், எழுதி வையுங்கள். நம் குடும்பமும் ஒருநாள் அலைந்து வந்ததே என்று அறிந்தவர்களுக்கு, கடைசி வரிசையில் நிற்பவரிடம் பெயர் கேட்பது கடினமாய் இராது.